பதினான்காம் பெட்டி

உதயகுமாரி அந்தச் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை பின்னேரமே கொப்பியில் எழுதி முடித்துவிட்டாள். மாலை வகுப்பு ஆசிரியை தினமும் ஐந்து வரி நோர்வேஜிய மொழியில் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் நடந்து முடிந்ததை எழுதினார்கள். உதயகுமாரி நடக்கப்போவதையும் எழுதிவைப்பாள். எழுதாவிட்டால் அது நடக்காது என்று அவளுக்கு ஒரு பயம். எழுதினாலும் நடக்குமா என்பது இன்னொரு பயம்.

பத்து மணிக்கு வீட்டுக்குப் பக்கத்து அம்மருட் நிலையத்தில், தே-பானே என்கிற நகர ரயில். பதினொன்றுக்கு மலை உச்சி. மூன்று தரம் சறுக்குதல். ஒரு மணிக்குச் சறுக்குவண்டிகளைத் திருப்பிக் கொடுத்தல். இரண்டு மணிக்கு நகரத்தில் மயூர்ஸ்தூவன் நிலையத்தில் விருந்தாளிகளைக் கணவரிடம் ஒப்படைத்தல். மூன்றே முக்காலுக்குள் பரீட்சை மண்டபம். கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

விருந்தாளிகள் கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். அவள் கணவன் இந்திரகுமாரின் அக்கா வனஜா, அக்காவின் கணவர் பத்மநாதன், பிள்ளைகள் ஹம்சிகா, கவிசன். லண்டனில் ஒரு கலியாணத்துக்கு வந்த கையோடு, தம்பி கட்டிய பெண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவோம் என்று மூன்று நாளுக்கு ஒஸ்லோ வந்திருந்தார்கள். உதயகுமாரி நோர்வேக்கு வந்து இரண்டரை வருடம். மச்சாளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பரீட்சை இருக்கிறது என்று அவள் மச்சாளிடம் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்பதுதான் சரி.

"மூண்டே மூண்டு நாள் நிக்கினம்" என்றான் இந்திரகுமார். "அதுக்குள்ளை எனக்குச் சோதினை, நான் போகோணும் எண்டு சொன்னால், நாங்கள் அவையைக் கலைக்கிற மாதிரியெல்லே இருக்கும்? ரெண்டு மணிக்கு நான் வந்து அவையைக் கூட்டிக்கொண்டு போறன். நீர் கடைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில் சனிக்கிழமை லீவு கேட்பதே பெரிய காரியம். ஒன்றரைக்கு விடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உதயகுமாரியும் தலையாட்டினாள். இந்தப் பரீட்சைக்கு முன்பு இரண்டு தரம் பதிந்துவிட்டு, இரண்டு தரமும் பயத்தில் போகாமல் இருந்தவள் அவள். மூன்றாம் தடவையை யாருக்கும் சொல்லாமல் போவதே அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை போகாமல் விட முடியாது. அவள் தரை துடைக்கும் முதியோர் இல்லத்தில், மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினால் ஏப்ரலில் பராமரிப்பு வேலைக்கு எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த பரீட்சை ஜூனில். அதுவரை அந்த இடம் காத்திருக்காது.

*

ஒஸ்லோவுக்கு மாசி மாதத்தில் வருகிறவர்களுக்குக் காட்ட என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த மலைக்கு வராதவர்கள். ரயில் உச்சிவரை ஏறும். உச்சியில் இறங்கி, வாடகைக்கு ஒரு சறுக்குவண்டி எடுத்து, அதில் குந்திக்கொண்டு பனிப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் கீழே வழுக்கிப் போகலாம். பாதை வளைந்து வளைந்து போவதால் அதற்குப் போத்தல் தக்கை இழுக்கிற திருகாணியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். முடிகிற இடத்தில் மித்ஸ்தூவன் என்று ஒரு சின்ன ரயில் நிலையம். வண்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினால் திரும்பவும் உச்சி. காலையிலிருந்து பொழுதுபடும்வரை சனம் இப்படியே மேலும் கீழுமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாடகைக் கடையில் நல்ல கூட்டம். மேசைக்குப் பின்னால் சிவப்புத் தாடி வைத்த ஒரு நடுவயதுக்காரர் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஒரு குழுவுக்குப் படம் போட்ட ஓர் அடையாள அட்டை வாங்கி அந்தப் பெட்டியில் போடுவார். எடுத்த வண்டி எல்லாம் திரும்பி வந்தால்தான் அட்டை திரும்பி வரும்.

பத்மநாதன் சட்டைப்பையிலிருந்து தன் கனடா சாரதி அனுமதிப் பத்திரத்தை எடுத்தார்.

"சீச்சீ, அண்ணை, உள்ளை வையுங்கோ!" உதயகுமாரி அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள். "எங்கடை இடத்துக்கு வந்திட்டு நீங்கள் குடுக்கிறதோ?"

"உதுக்கென்ன பிள்ளை, காசோ, வெறும் கார்ட்தானே..."

"இல்லை, இல்லை. அவருக்குத் தெரிஞ்சால் என்னைப் பேசுவார்."

அப்படிச் சொல்லிக்கொண்டே தன் வங்கி அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். நோர்வே வங்கி அட்டையின் பின்பக்கம் படமும் பிறந்த திகதியும் இருக்கும். தாடிக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதினான்காம் பெட்டியில் போட்டார். நான்கு வண்டிகள், மூன்று தலைக்கவசங்கள். பத்மநாதனுக்குத் தலைக்கவசம் வேண்டாமாம். அவர் கனடாக் குளிர்த்தொப்பியோடேயே இருந்தார்.

வண்டிகளோடு வெளியே வந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவளுடைய கடவுச்சீட்டு விசா புதுப்பிக்கப் பொலிஸ் அலுவலகத்தில் இருந்தது. பரீட்சைக் கடிதத்தில், படம் உள்ள அடையாள அட்டை இல்லாமல் எவரும் உள்ளே விடப்படமாட்டார் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவளிடம் இருந்த ஒரே அட்டை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

சரி, ஒரு மணிக்கு எடுத்துவிடலாம்தானே என்று தனக்குத்தானே சொன்னாள். கொப்பியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

*

வனஜா மச்சாள் சறுக்க மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டாள். "என்ரை முழங்காலுக்கு இது சரிவராது. நான் உள்ளை இருக்கிறன், நீங்கள் விளையாடுங்கோ." கடையோடு ஒட்டி ஒரு சூடான அறை, அதில் ஒரு நீள வாங்கு. மச்சாள் அதில் போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பெரிய கறுப்புக் கைப்பை. கைப்பையின் வார் தோளில் மாட்டி, கை அதன் மேலே. வீட்டுக்குள் தேத்தண்ணி குடிக்கும்போதும் அது அவள் மடியில்தான் இருந்தது. பக்கத்தில் உதயகுமாரி விடியப் பொரித்துக் கொண்டுவந்த மீன் ரோல்ஸும் சூட்டுப் போத்தலும்.

மூன்று சுற்றும் நன்றாகத்தான் போயின. கவிசன் முதல் வளைவிலேயே பனிமேட்டுக்குள் தலைகுத்தினான். ஹம்சிகா முழுப் பாதையும் கத்திக்கொண்டே போனாள். பத்மநாதன் ஐம்பத்திரண்டு வயதில், நூற்றுப் பத்துக் கிலோவில், வண்டியில் குந்திக் கயிற்றைப் பிடித்தபடி எல்லோரையும் முந்திப் போனார். கீழே மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "பிள்ளை, இப்பிடி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாணத்துக்குப் பிறகு இதுதான்!"

"மச்சாள் இஞ்சை இல்லாத துணிவிலை கதைக்கிறியள், மேலை அவவுக்கு முன்னாலை சொல்லுங்கோ பாப்பம்" என்றாள் உதயகுமாரி. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்தபடி மணியைப் பார்த்தாள். ஒரு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம்.

மேலே வந்ததும் வண்டிகளை அடுக்கினாள். பத்மநாதன் தன் வண்டியைக் கொடுக்கவில்லை.

"கடைசியா ஒண்டு."

"அண்ணை, அவர் வந்து நிப்பார்..."

"அவன் நிக்கட்டும். அக்காவைப் பாக்க வாறவன்தானே. கவிசன், வாறியா?"

கவிசன் ஏற்கெனவே ஓடிவிட்டான். ஹம்சிகாவும் அவன் பின்னால் போனாள். உதயகுமாரிக்கு வாய்வரைக்கும் வந்தது. 'அண்ணை, எனக்கு மூண்டே முக்காலுக்குச் சோதினை.' அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். அவள் சொன்னது:

"பாத்து, கவனமாப் போங்கோ."

*

ஒன்றே முக்காலுக்குப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள்.

"அப்பா எங்கை?"

"கீழை ஸ்டேஷன்லை ஒரு அங்கிளைக் கண்டவர்" என்றாள் ஹம்சிகா. "அவையள் ரெண்டு பேரும் ஒரே கட்டிப்பிடி. நீங்கள் போங்கோ, நான் அடுத்த ட்ரெயின்லை வாறன் எண்டவர்."

"ஆர் அங்கிள்?"

"தெரியாது. மீசை. ரயில்வே யூனிஃபோம் மாதிரி ஒண்டு."

அடுத்த ரயில் இரண்டு மணிக்கு வந்தது. நீல மஞ்சள் ஆடை போட்ட சனமும், நாய்களும், கண்ணாடிக்குள் மூக்கு அமுக்கிய குழந்தைகளும் இறங்கின. பத்மநாதன் இல்லை. இரண்டேகால் ரயிலிலும் இல்லை. உதயகுமாரி மேடையில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள்.

"அவர் ஆரையும் கண்டால் அப்பிடித்தான்" என்று, அவள் உள்ளே வந்ததும் மச்சாள் வாங்கில் இருந்தபடி சொன்னாள். "ஹீத்ரோவிலை ஒருத்தரைக் கண்டு கதைச்சு, எங்கடை பிளேன் போகப் பாத்தது. நீ இரு பிள்ளை, ஒரு ரோல்ஸ் சாப்பிடு."

அவள் இருக்கவில்லை. அடுக்கி வைத்த தன் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அந்த இரண்டு கிலோமீட்டரும் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. காலால் பிரேக் போடக்கூட மறந்துபோயிருந்தாள். மித்ஸ்தூவனில் ஒரு கிழவரும் இரண்டு பொடிச்சிகளும் நின்றார்கள், வேறு யாரும் இல்லை. மேடை ஓரத்தில் வண்டியின் இரும்புச் சட்டம் இழுபட்ட இரண்டு கோடுகள். அவை மேலே போகும் மேடைக்குப் போகவில்லை. நகரத்துக்குப் போகும் மேடைக்குப் போயின.

பத்மநாதனின் போன் மச்சாளின் கைப்பைக்குள் இருந்தது. அவள் கணவனுக்குப் போன் எடுத்தாள். பின்னால் சட்டிகள் மோதும் சத்தம்.

"நான் வரேலாது" என்றான் அவன், அவள் பேச முன்பே. "ஒருத்தன் வருத்தம் எண்டு வரேல்லை. எழுபது பேருக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு முன்னம் விடாயினம். என்ன நடந்தது?"

அவள் சொன்னாள். யூனிஃபோமும் மீசையும் என்றதும் அவன், "பிலேந்திரனாய் இருக்கும், தே-பானேயிலை பெட்டி கழுவிறவர், வீடு ட்வெய்ட்டாவிலை. பொறும், நான் கேட்டுச் சொல்லுறன்" என்று போனை வைத்தான்.

ஒஸ்லோவில் ஒரு தமிழனைத் தேடிப் பிடிக்க மூன்று போன் போதும். அவள் ரயிலில் மேலே ஏறிக் கடை வாசலுக்கு வர, இந்திரகுமார் திருப்பி எடுத்தான். மணி இரண்டு ஐம்பது.

"ஓம், அங்கைதான். ரெண்டு பேரும் ஒரே வாங்கிலை படிச்சவையாம். பிலேந்திரனுக்கு வேலை முடிஞ்சு வீட்டை போற நேரமாம். 'பக்கத்திலைதான், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா' எண்டு கூட்டிக்கொண்டு போட்டார்."

"ட்வெய்ட்டா பக்கத்திலையோ?"

"அத்தானுக்கென்ன தெரியும்? ரொறன்ரோவிலை ஒரு மணித்தியாலம் காரோடினாலும் பக்கம்தானே."

"வண்டி?"

"அங்கைதான், அவையின்ரை வீட்டு ஹோல்லை சாத்தி வைச்சிருக்காம், பத்திரமாய். இப்ப வெளிக்கிடுறாராம்."

ட்வெய்ட்டாவிலிருந்து இந்த உச்சிக்கு, இரண்டு ரயில் மாறி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நான்கு மணி. உதயகுமாரி கொப்பியைத் திறக்கவில்லை. எல்லா நேரமும் அவளுக்குத் தலைக்குள் வரிசையாய் நின்றன. மூன்று பன்னிரண்டு ரயில் எடுத்தால், மூன்று முப்பத்தெட்டுக்கு மயூர்ஸ்தூவன். ஐந்து நிமிடம் ஓடினால் பள்ளிக்கூடம். அதற்கு அடுத்த ரயில் எடுத்தால் கதவு பூட்டியிருக்கும். இருபது நிமிடம் இருந்தது.

"அப்ப சோதினை?" என்று இந்திரகுமார் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்" என்று போனை வைத்தாள்.

*

தாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். உதயகுமாரி தன் நோர்வேஜிய வசனங்களை ஒவ்வொன்றாய் அடுக்கினாள். ஒரு வண்டி ட்வெய்ட்டாவில் இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கிறது. எனக்கு என் அட்டை இப்போதே வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இதே மொழியில்தான் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் பரீட்சை எழுத வேண்டியவள் நான் என்ற எண்ணம் வந்து போனது.

"ட்வெய்ட்டாவிலா?" என்றார் அவர். "நிச்சயமாக எங்கள் வண்டிதானா?"

"நிச்சயமாக."

"ஏன் ட்வெய்ட்டாவில்?"

"தேநீர் குடிக்கப் போனது."

அவர் தாடியைத் தடவினார். வேறு யாருடையதாவது அட்டை தந்தால் மாற்றிவைக்கலாம் என்றார். காசாக வாங்குவதில்லை. போன கிழமைதான் ஐந்து வண்டி காணாமல் போனதாம், முதலாளி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் உதயகுமாரிக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது. பிழை இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

ஹம்சிகா தன் பள்ளிக்கூட அட்டையை நீட்டினாள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்று அவர் அன்பாகத் திருப்பிக் கொடுத்தார்.

உதயகுமாரி திரும்பி வாங்கைப் பார்த்தாள். மச்சாளின் மடியில் கறுப்புக் கைப்பை. அதற்குள் நான்கு கடவுச்சீட்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விமான நிலையத்தில் அதை நான்கு தரம் எண்ணிப் பார்த்தது மச்சாள்தான். ஏழு அடி தூரம். அந்த ஏழு அடியும் அவளுக்கு ஒரு காட்டைக் கடப்பதுபோல் இருந்தது. விருந்தாளியிடம் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் இந்திரகுமாருக்கு மரியாதையில்லை. கேட்காவிட்டால் ஜூன். ஜூனுக்குள் அந்த வேலை வேறு யாருக்கோ. சுவர்க் கடிகாரம் மூன்று மணியைத் தாண்டி ஒரு நிமிடம் காட்டியது.

"மச்சாள்."

"என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?"

"உங்கடை பாஸ்போட் ஒண்டு... ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும். அவர் அதை வைச்சுக்கொண்டு என்ரை கார்ட்டைத் தருவாராம். அண்ணை வந்தவுடனை எடுக்கலாம்."

மச்சாளின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. கை முந்தியது, வாய் பிந்தியது.

"பாஸ்போட்டோ? இல்லைப் பிள்ளை. அது மட்டும் கேளாதை."

"ஓம், மச்சாள். பறுவாயில்லை."

"கோவிக்காதை." மச்சாள் குரலைத் தாழ்த்தினாள், பிள்ளைகளுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல. "எண்பத்தொன்பதிலை மொஸ்கோவிலை, கனடாவுக்கு அனுப்புறன் எண்ட ஏஜென்சிக்காரன் இப்பிடித்தான் கேட்டவன். ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும், அக்கா, ஒரு போட்டோ ஒட்டிப்போட்டுத் தாறன் எண்டு. நான் நீட்டினனான். பிறகு அவனை நான் காணேல்லை. ஒரு அறை, பதினொரு பேர், யன்னலெல்லாம் பேப்பர் ஒட்டி, எட்டு மாசம். கீழை ரோட்டிலை பிள்ளையள் பனியிலை விளையாடுற சத்தம் கேக்கும், எட்டிப் பாக்கேலாது. கடைசியிலை ஆரோ ஒருத்தியின்ரை பேரிலைதான் கனடாவிலை இறங்கினனான். அண்டைக்கு நினைச்சனான், இனி ஒருத்தற்றை கையிலையும் குடுக்கிறேல்லை எண்டு. ஹோட்டல்லை கேட்டாலும் நான் பக்கத்திலை நிண்டுதான் காட்டுவன்."

உதயகுமாரி கைப்பையிலிருந்து பார்வையை எடுத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வந்தாலாவது வெளியே ஒரு வழி இருந்திருக்கும். மச்சாளுக்கு ஒரு பூட்டு, தாடிக்காரருக்கு ஒரு பூட்டு, தனக்கு ஒன்று, எல்லாம் நியாயமான பூட்டுகள். அவள் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது, அவளைக் கேட்காமலே.

"ஏய், என்ன இது? ஒரு கார்ட்டுக்கோ அழுகிறாய்? அவர் நாலு மணிக்கு வந்திடுவார்தானே. அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"எனக்குச் சோதினை, மச்சாள்."

"என்ன சோதினை?"

"நோர்ஸ்க் மொழிச் சோதினை. மூண்டே முக்காலுக்குக் கதவு பூட்டிவிடுவினம். அந்தக் கார்ட் இல்லாமல் விடாயினம். பாஸ் பண்ணினால்தான் வேலை. ரெண்டு தரம் பயத்திலை போகாமல் விட்டனான்..." எல்லாம் ஒன்றாய் வந்துவிட்டது. கொப்பியில் எழுதாத வரிசையில்.

மச்சாள் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இண்டைக்கோ? இண்டைக்கே சோதினை? விசரி! காலமை ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டியே, சொன்னால் வாய் நோகுமே? நான் வீட்டிலை படுத்திருப்பன்!"

"உங்களைக் கலைக்கிற மாதிரி இருக்குமெண்டு..."

"ஆர் சொன்னது? தம்பியோ? அவனுக்கு இண்டைக்கு இருக்கு." மச்சாள் எழுந்தாள். முழங்கால் நெட்டி முறியும் சத்தம் கேட்டது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனாள். போகும்போதே இடக்கைக் காப்பைக் கழற்றினாள். இரண்டு பவுண் தேறும். அதைத் தாடிக்காரருக்கு முன்னால் டக்கென்று வைத்தாள்.

தாடிக்காரர் சூடான சட்டியைக் கண்டவர்போல் கையைப் பின்னால் இழுத்தார். "இல்லை, இல்லை! இதை நான் வாங்க முடியாது!"

"என்னவாம்?"

"வாங்கேலாதாம், மச்சாள்."

"தங்கம் வேண்டாமாம். வெறும் பிளாஸ்ரிக் வேணுமாம். நல்ல நாடு." காப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவள் யோசித்தாள். மணி மூன்று ஐந்து. பிறகு வாங்கைத் திரும்பிப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "சரி. இவரிட்டைச் சொல்லு. கார்ட்டுக்குப் பதிலா நான் இருக்கிறன்."

"என்ன?"

"நான் இருக்கிறன் எண்டு சொல்லு. பாஸ்போட்டும் நானும் இந்த வாங்கிலை இருக்கிறம். மனுசன் வண்டியோடை வந்தால்தான் எழும்புவன். ரெண்டு பிள்ளையளும் என்னோடை. மூண்டு உருப்படி ஒரு வண்டிக்குக் காணாதே?"

உதயகுமாரி அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். சரியாய்ச் சொன்னாளா என்று இன்றுவரை அவளுக்குச் சந்தேகம். பரீட்சை என்று சொன்னாள், மூன்றே முக்கால் என்று சொன்னாள், இவர் என் கணவரின் அக்கா, எனக்குப் பதிலாக இவர் இங்கே இருப்பார் என்று சொன்னாள். வரிசையில் நின்ற ஒரு தாய், "கொடுத்துவிடுங்களேன்" என்றாள்.

தாடிக்காரர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் அவரைப் பார்த்தாள். யார் பெயரையும் இரவல் வாங்காத பார்வை அது.

"அவர் பெயரை இதில் எழுதட்டும்" என்று ஒரு கொப்பியைத் தள்ளினார். மச்சாள் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினாள். அவர் திரும்பிப் பதினான்காம் பெட்டியில் கை விட்டார்.

அட்டை குளிர்ந்திருந்தது.

"மச்சாள், உங்களைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி... சாப்பாடும் இல்லை..."

"ரோல்ஸ் கிடக்கு. எட்டு மாசம் இருந்தனான், எனக்கு ஒரு மணித்தியாலம் பெரிசோ? இது கதவு திறந்து கிடக்கிற அறை. ஓடு!"

*

மூன்று பன்னிரண்டு ரயிலின் கதவு அவள் முதுகோடு உரசி மூடியது. ஈரச் சப்பாத்துகளும் வண்டிகளும் நிறைந்த பெட்டிக்குள் அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். விருந்துக்கு வந்தவர்களை மலையில் அடகு வைத்துவிட்டு வந்தவள் ஒஸ்லோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள். இந்த விஷயம் நாளைக்கு விடிய முன்பே லண்டனுக்குப் போகும், மத்தியானம் ரொறன்ரோவுக்குப் போகும். ஓடும் ரயிலில் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பெட்டி ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கியது. அட்டையை உள்ளங்கைக்குள் விளிம்பு குத்தும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஸ்லெம்டால் நிலையத்தில் ரயில் நின்றபோது எதிர்ப்பக்கத்தில் மேலே போகும் ரயில் வந்து நின்றது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை அகலம். அந்தப் பக்கம் பத்மநாதன் இருந்தார். பிலேந்திரன் காரில் கொண்டுவந்து ஏற்றிவிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கெதியாய் வந்திருக்க முடியாது. சறுக்குவண்டியை நிமிர்த்தி முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தபடி, வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதனின் நித்திரையில் இருந்தார். அவர் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வடையாய்த்தான் இருக்கும்.

அவள் கண்ணாடியில் தட்டினாள். அவர் எழும்பவில்லை. இரண்டு ரயிலும் ஒரே நேரத்தில் புறப்பட்டன.

மூன்று நாற்பத்து நான்குக்கு அவள் பள்ளிக்கூடப் படியில் ஏறினாள். வாசலில் நின்ற பெண் கதவின் கைபிடியில் ஏற்கெனவே கை வைத்திருந்தார். உதயகுமாரி மூச்சு வாங்கிக்கொண்டு அட்டையை நீட்டினாள். அந்தப் பெண் அதைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார், தலைமயிரெல்லாம் பனி ஒட்டி நின்றவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கள்தானா?"

"ஆமாம். நான்தான்" என்றாள் உதயகுமாரி, நோர்வேஜிய மொழியில்.

கதவு அவள் பின்னால் பூட்டிக்கொண்டது. கடைசி வரிசையில் ஒரு மேசை காலியாய் இருந்தது. அட்டையை மேசையின் வலது மூலையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். போனை நிறுத்தச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தபோது அது கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்திரகுமார். அக்கா அவனுக்குப் போன் எடுத்திருப்பாள். என்ன சொன்னாளோ, எவ்வளவு பேசினாளோ. எடுத்து ஒரு வார்த்தை, மண்டபத்தில் இருக்கிறேன் என்று மட்டும், சொல்லிவிட்டு வைத்தால் என்ன?

அவள் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். திரை கறுக்கும்வரை விடவில்லை. பிறகு விறைத்த விரலால் பேனையை எடுத்து, விடைத்தாளின் மேலே முதலில் தன் பெயரை எழுதினாள். பெரிய எழுத்தில்.